விளக்குக்காகக் காத்திருக்கும் பிரேசில் மேளம்

(தர்மபுரம் பொதுநோக்கு மண்டபத்தில், பிரேசில் நாட்டு ‘நீலக்குன்று’ இசைக்குழுவுக்கு எடுக்கப்பட்ட வரவேற்பு விழாவில், மாதர் சங்கத் தலைவி திருமதி ஜெகதீஸ்வரி பேசியது.)

செங்கதிர் சாய்ந்தாலும் சிரம் சாயாமல் வீற்றிருக்கும் விழாத் தலைவர், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், சிற்றம்பலம் ஐயா அவர்களே! கடல் பல கடந்து, கண்டம் பல கடந்து, கடைசியில் எங்கள் கிரவல் வீதியின் குழி கிடங்கு பல கடந்து வந்து, பொன்னாடைக்குள் புழுங்கிக்கொண்டு புன்னகை மாறாமல் அமர்ந்திருக்கும் பிரேசில் நாட்டுப் பெருங்கலைஞர்களே! ஒலிபெருக்கியின் காதைத் திருகி எங்கள் காதைக் காப்பாற்றிவரும் ஜவாஹிர் நானா அவர்களே! வயலை விட்டு வந்த தந்தைமாரே, உலையை இறக்கி வைத்துவிட்டு வந்த தாய்மாரே, வாசலில் சைக்கிளோடு சாய்ந்து நிற்கும் இளைஞர்களே! மற்றும், இன்னும் வந்து சேராத பிரதம விருந்தினர் அவர்களே!

வந்தவர்களுக்கு ஒரு வணக்கம். வராதவருக்கு இரண்டு வணக்கம். ஏனென்றால் இந்த விழாவில் வராதவருக்குத்தானே மரியாதை அதிகம்!

சிரிக்காதீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது. நிகழ்ச்சி அறிவிக்கும் எங்கள் கோகுலன் சற்று முன் ஓடிவந்து என் காதுக்குள் சொன்னான்: “அன்ரி, அவர் பரந்தன் சந்தி தாண்டீட்டாராம். வரும்வரைக்கும் நீங்கள் ஏறிக் கொஞ்சம் இழுத்துப் பிடியுங்கோ.” இழுத்துப் பிடிக்க நான் என்ன மாட்டுக் கயிறா? எனக்குத் தந்தது நன்றியுரை. எல்லாம் முடிந்த பிறகு, எல்லாரும் எழும்பிச் செருப்புத் தேடும் நேரத்தில், ஒருவருக்கும் கேட்காமல் சொல்ல வேண்டிய நன்றியுரை. அதை இப்போது சொல் என்றால், நான் எதற்கு நன்றி சொல்வது? இன்னும் ஒன்றுமே நடக்கவில்லையே ஐயா!

நடக்கவில்லை என்று சொல்வதும் பிழை. எத்தனையோ நடந்துவிட்டது. ஆசியுரை நடந்தது. வரவேற்புரை நடந்தது. தலைமையுரை நடந்தது. ஐயா கோபிக்கக் கூடாது, அது நடந்தது மட்டுமல்ல, நடந்து நடந்து முரசுமோட்டை வரை போய்த் திரும்பி வந்தது. பிறகு வாழ்த்துரை. அதற்குப் பிறகு, வாழ்த்தியவரை வாழ்த்தி இன்னொரு வாழ்த்துரை. ஆனால் எந்த மேளத்தைக் கேட்க இந்த ஊர் கூடியதோ, அந்த மேளம் அதோ அந்த மூலையில் துணி மூடிக் கிடக்கிறது. ஏன் கிடக்கிறது? மங்கல விளக்கு இன்னும் ஏற்றவில்லையாம். விளக்கு ஏற்றாமல் பாட்டுத் தொடங்கக் கூடாதாம். விளக்கை ஏன் ஏற்றவில்லை? ஏற்றுகிறவர் இன்னும் வழியில் நிற்கிறார்.

நான் கேட்கிறேன், விளக்கு ஏற்றாமல் பாட்டுத் தொடங்கக் கூடாது என்றால், பேச்சு மட்டும் தொடங்கலாமா? பாட்டுக்குத் தீட்டு, பேச்சுக்குத் தீட்டில்லையா? எந்தச் சாத்திரத்தில் எழுதியிருக்கிறது?

ஓம், ஓம், கைதட்டுங்கள். கை சும்மாதானே இருக்கிறது.

இந்தக் கலைஞர்கள் யார் என்பதாவது உங்களுக்குத் தெரியுமா? வரவேற்புரையில் ‘உலகப் புகழ் பெற்றவர்கள்’ என்று சொன்னார்கள். வாழ்த்துரையிலும் அதையே சொன்னார்கள். புகழ் பெற்றது எதனால் என்று ஒருவரும் சொல்லவில்லை. நேற்று முழுதும் இவர்கள் என் வீட்டு முற்றத்தில் இருந்தார்கள். கோகுலன் கொழும்பில் ஒரு ஹோட்டலில் ஒலி அமைக்கும் வேலை செய்கிறான். அங்கே பாட வந்தவர்களை, “எங்கடை ஊருக்கும் ஒருக்கா வாங்கோ” என்று கேட்டு அழைத்து வந்தவன் அவன்தான். இங்கிலீசில் கேட்டு அவன் மொழிபெயர்க்க, நான் கேட்டதைச் சொல்கிறேன்.

பிரேசிலில் ஒரு பெரிய பட்டணம். பட்டணத்துக்கு மேலே ஒரு குன்று. குன்று முழுவதும் ஏழைகளின் வீடு. அந்தக் குன்றின் பெயரைத்தான் இவர்கள் தங்கள் குழுவுக்கு வைத்தார்கள். அரை நூற்றாண்டுக்கு முன்னே, மீசை அரும்பிய பையன்கள் சிலரும் ஒரு பெண்ணும் சேர்ந்து தொடங்கிய குழு. அந்த மண்ணின் ஆட்டமும் அடியும் சேர்ந்த இசைக்குச் சம்பா என்று பெயர்.

என்ன? பின்னாலிருந்து யார் கேட்கிறது? “உந்தச் சம்பா எத்தினை மாதப் பயிர்?” என்றா? இளையவரே, இது மூன்றரை மாதப் பயிர் அல்ல, தலைமுறை தலைமுறையாக அறுத்தும் தீராத பயிர். இருங்கோ, கேளுங்கோ.

அந்தச் சம்பாவோடு, கறுப்பின மக்கள் கோயிலில் அழுது பாடித் தெருவுக்குக் கொண்டுவந்த ‘சோல்’ என்ற பாட்டைச் சேர்த்தார்கள். அதோடு நிற்காமல், மின்சாரக் கிற்றாரைக் கட்டிக்கொண்டு இடி இடிக்கும் ‘றொக்’ இசையையும் சேர்த்தார்கள். சேர்த்ததும் ஊர் என்ன செய்தது? நம் ஊர் செய்வதைத்தான் செய்தது! சம்பாக்காரர் வந்து, “எங்கள் மேளத்துக்குள் ஏன் கரண்டைக் கொண்டுவந்தாய்?” என்று ஏசினார்கள். றொக்குக்காரர் வந்து, “எங்கள் கிற்றாருக்குப் பக்கத்தில் ஏன் இந்தச் சேரி மேளம்?” என்று ஏசினார்கள். இரண்டு பக்கத்தாரும் ஏச, இவர்கள் நடுவிலே நின்று அடித்தார்கள். ஏசினவர்களின் பிள்ளைகள் வந்து ஆடினார்கள். இப்போது ஏசினவர்களின் பேரப்பிள்ளைகள் ஆடுகிறார்கள். இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் எடுத்தது? இதைச் சொல்லாமல் இருக்கத்தானே இத்தனை உரை!

அதோ நடுவில் இருக்கும் அம்மா, வெள்ளை முடி, சிவப்புச் சட்டை. அவர்தான் அன்று அந்தப் பையன்களோடு நின்ற பெண். லூர்தெஸ் என்று பெயர். நேற்று என் வீட்டு வாசலில் வந்து நின்றவரிடம், “இருங்கோ அம்மா, கதிரையிலை இருங்கோ” என்றேன். அவர் கண்ணை அகல விரித்து, “கடெய்ரா!” என்றார். மேசையைக் காட்டினேன், “மேசா” என்றார். அடுப்படிக் குசினியைக் காட்டினேன், “கொசின்யா” என்று கத்திக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்தார். இவர்கள் பேசுவது போர்த்துக்கீசம். போர்த்துக்கீசன் அங்கேயும் போயிருக்கிறான், இங்கேயும் வந்திருக்கிறான். எங்களுக்குக் கதிரையைத் தந்துவிட்டுப் போனான். அன்றைக்கு அதில் உட்கார்ந்த எங்கள் மேடைக்காரர்தான், இன்னும் எழும்பவில்லை!

ஐயா, உங்களைச் சொல்லவில்லை. நீங்கள் தலைவர், நீங்கள் இருக்கத்தான் வேண்டும்.

கோகுலன், என்ன சைகை காட்டுகிறாய்? இப்போதுதான் பரந்தனில் தேத்தண்ணி குடிக்கிறாரா? அப்படியென்றால் முதலில் ‘தாண்டிவிட்டார்’ என்று சொன்னது யாரை? சரி, குடிக்கட்டும். வடையும் சாப்பிடட்டும். நாங்கள் வெயில் காய்ந்து பழகின சனம்.

ஆனால் அன்பார்ந்தவர்களே, நான் காத்திருக்கலாம். நீங்களும் காத்திருக்கலாம். காத்திருக்க முடியாத ஒருத்தி இந்த மண்டபத்தில் இருக்கிறாள். அவளுக்காகத்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

அதோ, மேளத்துக்குப் பக்கத்தில் நீலச் சேலையோடு நிற்கிறாளே, எங்கள் தாட்சாயினி. பள்ளிக்கூடப் பாண்ட் வாத்திய அணியில் பெரிய மேளம் சுமந்து அடித்த பிள்ளை. அவள் அடித்தால் அணி முழுவதும் தானாகக் கால் எடுத்து வைக்கும், அது உங்களுக்கே தெரியும். கலியாணம் முடிந்தது, மேளம் மூலைக்குப் போனது. மாப்பிள்ளை வேலைக்குக் கட்டார் நாட்டுக்குப் போனார். போன வருடம் எங்கள் ஊர் இசைக்குழுவில் மேளம் அடிக்க ஆள் இல்லை என்று இவளைக் கேட்டார்கள். அடித்தாள். அடித்த சத்தம் ஒட்டுசுட்டான் வரை கேட்டுவிட்டது. அங்கேதானே மாமியார் இருக்கிறார்!

மாமியார் சிவலட்சுமி அக்கா இன்று வந்திருக்கிறார். இரண்டாம் வரிசையில், மடியில் பையோடு. இது நான் கோள் சொல்வதல்ல. வாசலில் வைத்து எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னவா: “என்ரை மகன் கட்டாரிலை. இவள் மேடையிலை ஏறி மேளம் அடிச்சால் சனம் என்ன கதைக்கும்? நான் கண்ணாலை பாக்கோணும். பாத்து, மானமா இருந்தால் அடிக்கட்டும். நான் பாக்காமல் போனால் அதோடை விடட்டும்.” சொன்னீர்களா இல்லையா அக்கா? “ஓம், சொன்னனான்” என்கிறார். நேர்மையான மனுசி.

நேற்று முற்றத்தில் நடந்ததை இந்த அக்கா பார்த்திருக்க வேண்டும்! லூர்தெஸ் அம்மாவுக்குத் தோள்மூட்டில் வருத்தம். இதுதான் தன் கடைசிப் பயணம் என்றார். அவருடைய பெரிய மேளத்தைத் தாட்சாயினியின் தோளில் மாட்டி, ஒரு தரம் அடித்துக் காட்டினார். இவள் திருப்பி அடித்தாள். அவர் தாளத்தை முறித்து அடித்தார். இவளும் முறித்து அடித்தாள். என் வீட்டுக் கோழிகள் கூரையில் ஏறிவிட்டன! கடைசியில் அந்த அம்மா, “நாளைக்கு இந்த மேளத்தை நீ அடி, நான் பக்கத்தில் நிற்கிறேன்” என்றார். இவள் அழுதாள். நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது?

இப்போது என்ன நிலைமை? கலைஞர்களின் வாகனம் இருட்ட முன்னம் கொழும்புக்குப் புறப்பட வேண்டும். ஒட்டுசுட்டான் போகும் கடைசி பஸ் இந்தச் சந்தியால் இனி எந்த நேரமும் வரும். சிவலட்சுமி அக்கா இப்போதே எழும்பி நிற்கிறார். பகிடி பண்ணாதீர்கள். அவவின் கணவர் இளையதம்பி அண்ணையை வயல் வரம்பில் வைத்து யானை அடித்துக் கொன்றது. அந்த வீதியால் இருட்டில் போகச் சொல்லி அவவிடம் யார் கேட்க முடியும்? அவ போவா. பார்க்காமல் போவா. சொன்ன சொல் தவறாத மனுசி. ஆகவே தாட்சாயினியின் மேளம் இன்றோடு முடியும். ஏன் முடியும்? மாமியார் பொல்லாதவர் என்றதாலா? இல்லை. மருமகளுக்குக் கை வராததாலா? இல்லை. ஒரு தீக்குச்சி கிழிக்க ஆள் இல்லாததால்! வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைவது இதுதான்.

ஆள் இல்லையா? இந்த மண்டபம் நிறைந்த சனத்தில் ஒரு தீக்குச்சி கிழிக்க ஆள் இல்லையா?

தலைவர் ஐயா சொல்கிறார், “பிரதம விருந்தினர் வராட்டில் ஒரு சுமங்கலிப் பெண் ஏற்றலாம், அது முறைதான்” என்று. நல்லது ஐயா. முறை தெரிந்தவர் நீங்கள். அப்படியானால் இதை ஏன் வெயில் இருக்கும்போதே சொல்லவில்லை? விருந்தினர் கோபிப்பார் என்ற பயமா?

சரி, முறையைப் பற்றிக் கதைப்போம். இன்றைக்கு நான் கதைக்காவிட்டால் என் நெஞ்சு வெடித்துவிடும்.

தாய்மாரே! இந்த மண்டபத்தில் பாதிக் கதிரையில் நாங்கள்தான் இருக்கிறோம். யுத்தத்தில் புருசனைக் கொடுத்தவர்கள். கடலில் கொடுத்தவர்கள். காட்டில் யானைக்குக் கொடுத்தவர்கள். நானும் ஒருத்தி. எனக்கு ஏன் எப்போதும் நன்றியுரை என்று நினைத்தீர்கள்? குத்துவிளக்குக்குக் கிட்ட வரக் கூடாது. ஆராத்தித் தட்டு ஏந்தக் கூடாது. மாலை போடக் கூடாது. எல்லாம் முடிந்த பிறகு, மங்கலம் எல்லாம் வீட்டுக்குப் போன பிறகு, “ஜெகதீஸ்வரி, நீங்கள் நன்றி சொல்லுங்கோ”! ஒருவரும் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. சொல்லாமல் செய்தீர்கள். நானும் சொல்லாமல் ஒதுங்கினேன்.

அலுவலகங்களில் எங்களுக்கு எவ்வளவு அழகான பெயர் வைத்திருக்கிறார்கள்! ‘பெண் தலைமைத்துவக் குடும்பம்.’ தலைமையாம்! வயலை உழுவிக்கத் தலைமை. பிள்ளையைப் படிப்பிக்கத் தலைமை. கிணற்றை இறைக்க, கூரையை வேய, கூட்டத்துக்குப் போக, கையெழுத்து வைக்கத் தலைமை. குடும்பத்துக்குத் தலைமை தாங்கலாம். குத்துவிளக்குக்கு ஒரு தீக்குச்சியைத் தாங்கக் கூடாதா?

நேற்று லூர்தெஸ் அம்மா எனக்கு ஒரு கதை சொன்னார். அந்தப் பெரிய மேளம் முதலில் அவருடைய கணவருடையது. வல்டீர் என்று பெயர். இளம் வயதிலேயே நோயில் போய்விட்டார். அடக்கம் செய்த அதே கிழமை குழுவுக்கு ஒரு மேடை. ஆண்கள் எல்லாம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, “இனி என்ன செய்வது” என்று இருந்தார்களாம். இவர் போய் மேளத்தைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு முன்வரிசையில் நின்றாராம். நான் கேட்டேன்: “புருசன் செத்த கிழமையிலை முன்னுக்கு வரக் கூடாது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையோ?” கோகுலன் அதை மொழிபெயர்த்தான். அவருக்கு விளங்கவில்லை. வேறு விதமாகக் கேட்டான். அப்போதும் விளங்கவில்லை. பிறகு அவர் என்னைப் பார்த்து, “ஏன் வரக் கூடாது?” என்று திருப்பிக் கேட்டார்.

நான் “தேத்தண்ணி ஊத்துறன்” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டேன். நேற்றிலிருந்து அந்தக் கேள்வி எனக்குள் இருக்கிறது. உங்களில் யாருக்காவது பதில் தெரிந்தால் இந்த ஒலிவாங்கியில் வந்து சொல்லுங்கள். ஏன் வரக் கூடாது? எங்கள் கை பட்டால் எண்ணெய் எரியாதா? எங்கள் கை நட்ட நெல் விளையவில்லையா? எங்கள் கை வளர்த்த பிள்ளை வளரவில்லையா? எங்கள் கை சமைத்த சோற்றைத்தானே இன்று மதியம் ஆசியுரை சொன்னவரும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்!

ஒருவரும் வரவில்லை. நல்லது.

சிவலட்சுமி அக்கா! பையை வைத்துவிட்டு மேலே வாங்கோ. நீங்கள் வந்து இந்த விளக்கை ஏற்றுங்கோ.

என்ன சொல்கிறீர்கள்? “எனக்கு ஏலாது பிள்ளை, நான் தொடக் கூடாது, மருமகளுக்கு வினை வந்திடும்” என்கிறீர்களா? அக்கா, உங்களை வருத்த நான் கூப்பிடவில்லை. கேளுங்கோ. உங்கள் மருமகளுக்கு வினை வரும் என்றால் அது மேளம் மூடிக் கிடப்பதால்தான் வரும். மானமாக இருக்கிறதா என்று பார்க்கத்தானே வந்தீர்கள்? தொடங்காததை எப்படிப் பார்ப்பீர்கள்? தொடக்கி வைத்துவிட்டுப் பாருங்கோ. பார்த்த பிறகு வேண்டாம் என்றாலும் நான் உங்களோடு சண்டைக்கு வரமாட்டேன். அந்தச் சொல் உங்களுடையது.

ஐயா, நீங்கள் எழும்ப வேண்டாம். முறை பிழைத்தால் பழி என் தலையில். நாளைக்குச் சங்கத்திலிருந்து என்னை நீக்குங்கள். இன்றைக்கு ஒலிவாங்கி என் கையில்.

அதோ வருகிறார். வழி விடுங்கள் பிள்ளைகளே! கதிரைகளை ஒதுக்குங்கள். தாட்சாயினி, ஓடிவந்து மாமியின் கையைப் பிடி, படி உடைந்திருக்கிறது. நானா, மின்விசிறியை நிற்பாட்டுங்கோ, சுடர் அணைந்துவிடும். தீப்பெட்டி எங்கே? தலைவர் ஐயாவே எடுத்து நீட்டுகிறார். ஐயா, உங்களை நான் இவ்வளவு நேரமும் திட்டினேன். திட்டினது திட்டினதுதான். ஆனால் இந்த நீட்டலுக்கு என் கும்பிடு.

பஸ். கேட்கிறதா? சந்தியில் ஹோண் அடிக்கிறது. ஒட்டுசுட்டான் பஸ்தான்.

அக்கா, நீங்கள் போவதென்றால் போங்கோ. ஒருவரும் பிழையாக நினைக்கமாட்டார்கள். அந்த வீதி எங்களுக்குத் தெரியும்.

போகவில்லை. தாய்மாரே, அவ போகவில்லை! குச்சியைக் கிழிக்கிறா. அணைந்துவிட்டது. பரவாயில்லை, இன்னொன்று. தாட்சாயினி இரண்டு கையாலும் மறைத்துப் பிடிக்கிறாள். பிடித்துவிட்டது. எரிகிறது! லூர்தெஸ் அம்மாவும் எழும்பி வருகிறார். யாரும் கூப்பிடவில்லை, தானாக வருகிறார். இரண்டாம் திரியை அவர் ஏற்றுகிறார். மூன்றாவது? இந்தக் குச்சியை என்னிடம் ஏன் தருகிறீர்கள் அக்கா? நான் ஏற்றுவதா?

ஒரு நிமிடம் பொறுங்கள். எனக்குக் கண் தெரியவில்லை.

சரி. ஏற்றிவிட்டேன்.

கோகுலன், இப்போது என்ன? பிரதம விருந்தினரின் வாகனம் வாசலில் வந்துவிட்டதா? வரட்டும், வரட்டும், அன்போடு வரட்டும். அவருக்கும் ஒரு கதிரை போடுங்கள், எங்கே இடம் இருக்கிறதோ அங்கே. மாலையைப் பிறகு போடலாம். அவருக்காக எவரும் பாட்டை நிறுத்தக் கூடாது.

என்ன அக்கா? ஒலிவாங்கி வேணுமோ? இந்தாங்கோ. சபையோரே, சிவலட்சுமி அக்கா இரண்டு வார்த்தை சொல்லப் போகிறார்.

“பிள்ளையள், எனக்கு மேடையிலை கதைக்கத் தெரியாது. பஸ் போயிட்டுது. இனி நாளைக்குத்தான். தாட்சா, கையைத் துடைச்சுப் போட்டு எடு. நான் உன்ரை புருசனுக்குச் சொல்லிக்கொள்ளுறன். மெதுவா அடிச்சியெண்டால்தான் எனக்குக் கோவம் வரும்.”

கேட்டீர்களா? இத்தனை உரையிலும் இதுதான் உரை! அந்த மேளத்தின் துணியை எடுங்கள். பொன்னாடைகளைக் கழற்றுங்கள். இதற்கு மேல் நான் ஒரு சொல் சொன்னாலும் அது அநியாயம். இவ்வளவு நேரமும் பொறுத்த உங்கள் காதுகளுக்கு என் நன்றி. இனி எழும்பி ஆடப்போகும் உங்கள் கால்களுக்கு என் வணக்கம்.

அடி, பிள்ளை!